பதினெட்டாம் தொகுதி: அங்கோலாவில் கைநழுவிய எண்ணெய்ப் பங்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

2004 ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள அங்கோலாவின் ஆழ்கடலில், எண்ணெய் எடுக்க எல்லை வகுத்த பரப்பான பதினெட்டாம் தொகுதியில் பாதிப் பங்கை வாங்குவதற்கு இந்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று விற்பவரோடு விலை பேசி முடித்தது. சில மாதங்களுக்குள் அந்தப் பங்கு சீன நிறுவனம் ஒன்றின் தலைமையிலான கூட்டமைப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தியா ரயில் பாதைக்காக 20 கோடி டாலர் தர முன்வந்தது, சீனா 200 கோடி டாலர் கடன் தந்தது, ஆகவே பத்து மடங்கு பணம் வென்றது என்று இந்நிகழ்வைச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்த எண்களில் தவறில்லை. அவற்றைக் கோத்துச் சொல்லப்படும் கதை எந்த அளவுக்குச் சரி என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. நிறுவனங்களின் பெயர்கள் பொதுவெளியில் உள்ளவை என்பதால் அப்படியே தரப்படுகின்றன. பேச்சுவார்த்தையில் ஈடுபட்ட அதிகாரிகள், அமைச்சர்கள், இடைத்தரகர்கள் ஆகியோரின் பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை.

பின்னணி

போர்ச்சுகலிடமிருந்து 1975 நவம்பர் 11 அன்று விடுதலை பெற்ற அங்கோலா, அந்த நாளிலிருந்தே உள்நாட்டுப் போரில் சிக்கியது. ஆளும் எம்.பி.எல்.ஏ. இயக்கத்துக்கும் யுனிட்டா இயக்கத்துக்கும் இடையிலான அந்தப் போர், யுனிட்டாவின் தலைவர் 2002 பிப்ரவரியில் கொல்லப்பட்ட பிறகு, அவ்வாண்டு ஏப்ரலில்தான் முடிந்தது. 27 ஆண்டுகளில் பாலங்கள், ரயில் பாதைகள், மருத்துவமனைகள், பாசனக் கால்வாய்கள் ஆகியவை பெரும்பாலும் சிதைந்துவிட்டன. விளைநிலங்களில் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன. கடலுக்கு அடியில் கிடைத்த எண்ணெய் மட்டும் போரின் கைக்கு எட்டாமல் தப்பியது. 2004 வாக்கில் நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் பீப்பாய் எண்ணெய் எடுக்கப்பட்டது. ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அதிலிருந்தே வந்தது.

போர் முடிந்ததும் மேற்கு நாடுகள் கூடி மறுகட்டுமானத்துக்கு உதவி அறிவிக்கும் என்று தலைநகர் லுவாண்டாவிலிருந்த அரசு எதிர்பார்த்தது. அப்படிப்பட்ட நன்கொடையாளர் மாநாடு கூடவே இல்லை. எண்ணெய் வருமானக் கணக்கை வெளிப்படையாக வைக்க வேண்டும் என்று பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) வலியுறுத்தியது. 1997 முதல் 2002 வரையிலான காலத்தில் 400 கோடி டாலருக்கும் மேற்பட்ட எண்ணெய்ப் பணத்துக்குக் கணக்கில்லை என்று மனித உரிமை அமைப்பு ஒன்று 2004 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, அந்தக் கோரிக்கை காரணமின்றி எழவில்லை என்பதைக் காட்டியது. நிதியத்தின் நிபந்தனைகளை ஏற்க மனமில்லாத அரசு, எண்ணெயை ஈடாக வைத்து மேற்கத்திய வணிக வங்கிகளிடம் குறுகிய காலக் கடன்களை வாங்கி நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தது. அவற்றின் வட்டி கடுமையானது; தவணைக் காலமோ குறைவு.

நட்பு வரலாறு இந்தியாவுக்கே சாதகமாக இருந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அங்கோலாவின் விடுதலைப் போராட்டத்தில் எம்.பி.எல்.ஏ.வை இந்தியா ஆதரித்தது. 1985 இல் தூதரக உறவு ஏற்பட்டது. 1986 இல் இந்தியப் பிரதமரே லுவாண்டாவுக்குச் சென்றார். சீனாவோ 1970களில் அதே இயக்கத்தின் எதிரிகளுக்கு ஆயுதமும் பயிற்சியும் அளித்தது, எம்.பி.எல்.ஏ. அரசோடு 1983 இல்தான் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டது. பழைய தோழமையைக் கொண்டு வணிகத்தை முன்னறிந்துவிடலாம் என்று எண்ணியிருக்கக்கூடிய எவருக்கும் இந்த நிகழ்வு ஓர் எதிர்ச்சான்று.

இரு நாடுகளின் எண்ணெய்த் தேவையும் ஏறிக்கொண்டிருந்தது. 1993 இல் நிகர எண்ணெய் இறக்குமதியாளராக மாறிய சீனா, 2003 இல் ஜப்பானை முந்தி உலகின் இரண்டாவது பெரிய எண்ணெய் நுகர்வோரானது. இந்தியா தன் தேவையில் 70 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கியது. ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் வெளிநாட்டுப் பிரிவான ஓ.என்.ஜி.சி. விதேஷ், சூடானை விட்டு வெளியேறிய கனடா நிறுவனம் ஒன்றிடமிருந்து அந்நாட்டு எண்ணெய்த் திட்டம் ஒன்றில் 25 விழுக்காட்டுப் பங்கை 2003 மார்ச்சில் வாங்கியிருந்தது. 40 விழுக்காட்டுடன் அங்கே முதன்மைப் பங்குதாரராக இருந்தது சீன தேசிய பெட்ரோலிய நிறுவனம். சூடானில் சீனாவும் இந்தியாவும் ஒரே குழாயில் எண்ணெய் அனுப்பின. வெளியேறும் மேற்கத்திய நிறுவனத்திடமிருந்து உரிய விலை கொடுத்துப் பங்கை வாங்குவது என்ற வழி, சூடானில் பலித்த காரணத்தால் அங்கோலாவிலும் பலிக்கும் என்ற நம்பிக்கை தில்லியில் இருந்திருக்க வேண்டும்.

கவனிக்கப்பட்டவை

பதினெட்டாம் தொகுதி லுவாண்டாவுக்கு வடமேற்கே, 1,200 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமுள்ள கடலில் அமைந்தது. பிரிட்டனின் பிபி நிறுவனம் 50 விழுக்காட்டுப் பங்குடன் அதை இயக்கியது; மீதி 50 விழுக்காடு ஷெல் நிறுவனத்திடம் இருந்தது. புளூட்டோனியோ, கோபால்ட்டோ, குரோமியோ என்று தனிமங்களின் பெயரிடப்பட்ட வயல்களில் எண்ணெய் இருப்பது ஏற்கெனவே உறுதியாகியிருந்தது, எடுப்பதுதான் பாக்கி. துளையிட்டுப் பார்த்து ஏமாறும் அபாயம் பெரும்பாலும் நீங்கிய இத்தகைய பங்குகள் சந்தைக்கு வருவது அரிது.

ஷெல் தன் பங்கை விற்க முன்வந்தது. 2004 ஏப்ரலில் ஓ.என்.ஜி.சி. விதேஷுடன் உடன்பாடு ஏற்பட்டது. விலை 60 கோடி டாலரை ஒட்டியது.

உடன்பாட்டின் தலைவிதி விலையில் அடங்கியிருக்கவில்லை. தொகுதியில் பங்கு கைமாறும்போது, வெளியார் ஒப்புக்கொண்ட அதே விலைக்குத் தானே அதை வாங்கிக்கொள்ளும் உரிமை அங்கோலாவின் அரசு எண்ணெய் நிறுவனமான சோனாங்கோலுக்கு இருந்தது. இதை முன்வாங்கும் உரிமை எனலாம். பங்காளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பொதுக் கிணற்றுப் பாத்தியதையை வெளியாருக்கு விற்க முடியாது என்ற நம் கிராமத்து வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். விற்பவரும் வாங்குபவரும் எவ்வளவு மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டாலும், கிணற்றடியில் நிற்கும் மூன்றாமவர் தலையசைக்கும் வரை அது பேச்சு மட்டுமே. எண்ணெய்த் தொழிலில் இத்தகைய உரிமை வழக்கமான ஒன்று. மறைத்து வைக்கப்பட்ட பொறி அல்ல. பெரும்பாலான விற்பனைகளில் அது பயன்படுத்தப்படாமலே போய்விடுவதால்தான் அதன் மீது கவனம் குறைகிறது.

சீனாவின் கடன் எப்படி வந்தது என்பதைத் தேதி வரிசையில் பார்க்க வேண்டும். அங்கோலாவின் நிதி அமைச்சகமும் சீன வணிக அமைச்சகமும் 2003 நவம்பரில் ஒரு கட்டமைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதன் அடிப்படையில் சீன அரசின் ஏற்றுமதி–இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கியின் முதல் 200 கோடி டாலர் கடன் 2004 மார்ச்சில் முடிவாயிற்று. அதாவது, ஷெல்லுடன் இந்தியா உடன்படுவதற்கு முன்பே அந்தக் கடன் மேசையில் இருந்தது. தொகுதிக்கான ஏலத்தில் இந்தியாவின் தொகையைப் பார்த்துவிட்டுச் சீனா பத்து மடங்கு உயர்த்தியது என்ற சித்திரம் இந்தத் தேதிகளோடு பொருந்தவில்லை.

கடனின் அமைப்பும் குறிப்பிடத்தக்கது. வட்டி, வங்கிகள் தமக்குள் கடன் கொடுக்கும்போது லண்டனில் நிர்ணயிக்கப்பட்ட லிபோர் விகிதத்துக்கு மேல் ஒன்றரை விழுக்காடு. அங்கோலா அதுவரை வங்கிகளிடம் கொடுத்துவந்ததைவிட இது குறைவு. தவணை நீண்டது. சீன நிறுவனங்கள் வாங்கும் எண்ணெய்க்கான பணம் தனிக் கணக்கு ஒன்றில் சேர்ந்து, அதிலிருந்து கடன் அடைக்கப்படும். கடனைக் கொண்டு செய்யும் வேலைகளில் 70 விழுக்காடு வரை சீன ஒப்பந்தக்காரர்களுக்கு, எஞ்சியது உள்நாட்டினருக்கு. மருத்துவமனை, பள்ளி, மின்கம்பி, பாசனம், சாலை என்று பட்டியல் விரிந்தது. கடனாகக் கொடுக்கப்பட்ட பணத்தின் பெரும்பகுதி லுவாண்டாவுக்கு வராமலே பெய்ஜிங்கில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறியது என்றாலும், கட்டடங்கள் அங்கோலாவில்தான் எழும்பின. எண்ணெய் வருமானக் கணக்கைக் காட்டச் சொல்லும் நிபந்தனை அதில் இல்லை என்பதை இரு தரப்புமே குறையாகக் கருதவில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

இந்தியத் தரப்பின் முதல் முடிவு, பங்கை வணிக முறையில் ஷெல்லிடமிருந்து வாங்குவது. காரணம் நியாயமானதே: விலை தெளிவாக இருந்தது, எண்ணெய் இருப்பது உறுதியாகியிருந்தது, இயக்குபவர் அனுபவமுள்ள நிறுவனம். இரண்டாவது முடிவு, அங்கோலாவின் ரயில் பாதைகளைச் சீரமைக்க 20 கோடி டாலர் தருவதாகச் சொல்வது. உடன்பாட்டுக்கு அங்கோலா அரசின் மனம் கனிய வேண்டும் என்பதைத் தில்லி அறியாமல் இருக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் இந்த முன்மொழிவு ஒரே துறையைச் சார்ந்தது. ஒரு குறிப்பிட்ட பங்குக்கு இனாமாகச் சேர்த்துக் கட்டப்பட்டது போல் தோற்றமளித்தது. அரசுக்கு அப்போது தேவைப்பட்டது, எந்தத் துறைக்கு வேண்டுமானாலும் திருப்பிவிடக்கூடிய பெருந்தொகை.

முடிவெடுக்கும் முறையில் இருந்த வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஓ.என்.ஜி.சி. விதேஷ் ஒரு வரம்புக்கு மேல் முதலீடு செய்ய, செயலாளர்கள் குழுவையும் அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழுவையும் தாண்ட வேண்டியிருந்தது. எண்ணெய் வாங்குவது பெட்ரோலிய அமைச்சகத்தின் வேலை. கடன் தருவது நிதி அமைச்சகமும் இந்திய எக்சிம் வங்கியும் சார்ந்தது. தூதரகம் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ். இதற்கிடையே 2004 மே மாதம் மத்தியில் ஆட்சியே மாறியது. ஆட்சி மாற்றம்தான் காரியத்தைக் கெடுத்தது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் மூன்று அமைச்சகங்கள் ஒரே குரலில் பேசுவதற்கு அது உகந்த பருவமுமல்ல. சீனத் தரப்பில் எண்ணெய் நிறுவனம், அரசின் எக்சிம் வங்கி, வணிக அமைச்சகம், கட்டுமான நிறுவனங்கள் ஆகிய நான்கும் ஒரே பொதிக்குள் கட்டப்பட்டிருந்தன. ஜனநாயகம் மெதுவானது என்ற வழக்கமான சமாதானத்தை இங்கே நான் ஏற்கவில்லை. ஒப்புதல் பெறக் கால தாமதம் ஆவது வேறு. கடனும் முதலீடும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பது வேறு.

தீர்மானகரமான முடிவை எடுத்தது தில்லியோ பெய்ஜிங்கோ அல்ல. 2004 இன் பிற்பகுதியில் சோனாங்கோல் தன் முன்வாங்கும் உரிமையைப் பயன்படுத்தியது. ஷெல்லின் பங்கு சோனாங்கோல் சினோபெக் இன்டர்நேஷனல் என்ற கூட்டு நிறுவனத்துக்குச் சென்றது. அதில் சீன அரசின் சினோபெக் வைத்திருந்தது 55 விழுக்காடுதான். மீதி, ஹாங்காங்கைத் தளமாகக் கொண்டு இயங்கிய தனியார் தரப்புகளும் சோனாங்கோல் தொடர்புடைய நிறுவனமும் சேர்ந்த வலைப்பின்னலுக்குப் போயிற்று. ஷெல்லுக்கு அதே விலை கிடைத்தது; அதற்கு நட்டமில்லை. இந்தியாவுக்குப் பங்கு விற்கப்பட்டிருந்தால் அங்கோலாவின் ஆளும் வட்டத்துக்கு இந்த மூன்றாவது தட்டு பரிமாறப்பட்டிருக்காது. "சீன அரசு இந்திய அரசை வென்றது" என்று எழுதும்போது இந்தப் பகுதி விடுபட்டுவிடுகிறது.

சோனாங்கோலின் நோக்கில் நின்று பார்த்தால் முடிவு விளங்காத ஒன்றல்ல. தன் உள்கட்டமைப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் கடன் கொடுப்பவருக்கு நீண்டகால எண்ணெய்ப் பிடிப்பைக் கொடுத்தால் அடுத்த கடனுக்கும் வழி திறக்கும். மேற்கத்திய நிறுவனங்களே நிறைந்திருந்த ஆழ்கடலில் புதிய பங்காளி ஒருவர் வந்தால் பேரம் பேசும் வலு கூடும். இவை என் ஊகங்களே என்றாலும், அடுத்து நடந்தவை இவற்றுக்கு அரண் செய்கின்றன.

தொடர்ந்து நடந்தவை

2006 இல் அண்டைத் தொகுதிகளான 17/06, 18/06 ஆகியவற்றுக்குச் சினோபெக் தரப்பு ஒவ்வொன்றுக்கும் சுமார் 110 கோடி டாலரை, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது அரசுக்குச் செலுத்தும் கையெழுத்துக் கட்டணமாகத் தர முன்வந்து தொழிலையே வியப்பில் ஆழ்த்தியது. பதினெட்டாம் தொகுதியிலிருந்து 2007 அக்டோபரில் முதல் எண்ணெய் வந்தது. அதே ஆண்டில், அங்கோலாவின் துறைமுக நகரான லோபிட்டோவில் இரு தரப்பும் சேர்ந்து கட்டுவதாக இருந்த சுத்திகரிப்பு ஆலைப் பேச்சு முறிந்தது. எந்தச் சந்தைக்கு ஏற்ற எரிபொருளைத் தயாரிப்பது என்பதில் கருத்து வேறுபாடு.

2009 இல் நடந்தது இன்னும் துலக்கமானது. முப்பத்திரண்டாம் தொகுதியில் அமெரிக்காவின் மாரத்தான் நிறுவனம் வைத்திருந்த 20 விழுக்காட்டுப் பங்கை 130 கோடி டாலருக்கு வாங்கச் சீனாவின் சினூக், சினோபெக் ஆகிய இரு அரசு நிறுவனங்களும் உடன்பட்டன. சோனாங்கோல் மீண்டும் முன்வாங்கும் உரிமையைப் பயன்படுத்தியது. 2010 இன் தொடக்கத்தில் பங்கு அதன் கைக்கே வந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு எதிராகப் பயன்பட்ட அதே விதி இம்முறை சீனாவுக்கு எதிராகப் பயன்பட்டது. அதற்குள் பெருங்கடன்கள் கொடுத்திருந்தும் சீனாவால் அதைத் தடுக்க முடியவில்லை.

இந்தியா வெறுங்கையோடு வெளியேறவுமில்லை. தெற்கிலுள்ள மொசாமெதெஸ் ரயில் பாதையின் சீரமைப்புப் பணியை இந்தியாவின் ரைட்ஸ் நிறுவனம் 4 கோடி டாலர் கடனுதவியில் 2007 ஆகஸ்டில் முடித்தது. எண்ணெய்ப் பங்குக்குத் துணையாகச் சொல்லப்பட்ட பெரிய ரயில் திட்டம் மறைந்து, பங்கோடு தொடர்பில்லாத சிறிய ரயில் திட்டம் நிறைவேறியது. லோபிட்டோவிலிருந்து காங்கோ எல்லை வரையிலான 1,344 கிலோமீட்டர் பெங்கேலா பாதையைச் சீன நிறுவனம் மீளக் கட்டி 2015 இல் அது திறந்து வைக்கப்பட்டது. ஆனால் 2022 இல் அந்தப் பாதையை 30 ஆண்டுகளுக்கு இயக்கும் உரிமையைப் பெற்றது ஐரோப்பிய நிறுவனங்களின் கூட்டமைப்பு. போட்டியிட்ட சீனத் தரப்புக்கு அது கிடைக்கவில்லை.

அங்கோலாவின் கணக்கோ இன்னும் முடியவில்லை. 2000 முதல் 2020 வரை சீனக் கடன்கள் 4,000 கோடி டாலரைத் தாண்டின. 2014 இல் எண்ணெய் விலை சரிந்தபோது, அதே கடனை அடைக்க முன்பைவிடக் கூடுதல் பீப்பாய்கள் தேவைப்பட்டன. 2004 இல் எந்தப் பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகளைத் தவிர்க்கச் சீனக் கடன் வழி செய்ததோ, அதே நிதியத்திடம் 2018 டிசம்பரில் சுமார் 370 கோடி டாலர் திட்டத்துக்கு அங்கோலா உடன்பட்டது.

இந்தியா நைஜீரியாவில் வேறொரு பாடம் கற்றது. அங்கே ஆழ்கடல் தொகுதி ஒன்றில் சுமார் 200 கோடி டாலருக்குப் பங்கு வாங்க ஓ.என்.ஜி.சி. விதேஷ் 2005 இன் இறுதியில் தயாரானது. அபாயம் அதிகம் என்று அமைச்சரவை மறுத்துவிட்டது. 2006 ஜனவரியில் சீனாவின் சினூக் நிறுவனம் அதைச் சுமார் 227 கோடி டாலருக்கு வாங்கியது. அதே மாதத்தில் இந்தியப் பெட்ரோலிய அமைச்சர் பெய்ஜிங் சென்று, வெளிநாட்டு எண்ணெய்ப் பங்குகளில் ஒத்துழைப்பதற்கான உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டார். ஒருவரையொருவர் முந்தப்போய் விற்பவருக்கு விலையை ஏற்றிக் கொடுக்கிறோம் என்ற உணர்வு இரு பக்கமும் இருந்தது. 2008 ஏப்ரலில் தில்லியில் கூடிய முதல் இந்தியா–ஆப்பிரிக்கா உச்சி மாநாட்டில், 540 கோடி டாலர் கடன் வசதியை இந்தியா அறிவித்தது. தனித்தனிப் பேரங்களுக்குப் பதிலாகக் கண்டம் முழுவதற்கும் ஒரே சட்டகம் என்ற சீன வழியை இந்தியா தன் அளவில் பின்பற்றத் தொடங்கிய இடம் அது.

மாற வேண்டியவை

இதே நிலைமை மீண்டும் வந்தால், விற்பவருடன் விலை பேசுவதற்கு முன்பே, முன்வாங்கும் உரிமை உள்ளவரிடமிருந்து அதைப் பயன்படுத்த மாட்டேன் என்ற எழுத்துவழி உறுதியைப் பெற முயல வேண்டும். கிடைக்காவிட்டால், அந்த நிறுவனத்தையே ஒரு சிறு பங்குக்குக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம். சினோபெக் 55 விழுக்காட்டோடு திருப்தியடைந்தது பெருந்தன்மையால் அல்ல. அதே சமயம் அப்படிப்பட்ட பங்கு யாருடைய பைக்குப் போகிறது என்பதைப் பொதுப்பணத்தைச் செலவிடும் நிறுவனம் வெளிப்படையாகச் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத பங்கைக் கொடுத்து வெல்வதைவிடத் தோற்றுத் திரும்புவதே இந்தியப் பொதுத்துறைக்கு மேல் என்பது என் முடிவு. ஹாங்காங் வலைப்பின்னலின் முக்கியப் புள்ளி ஒருவர் 2015 இல் சீன அரசாலேயே பிடித்துச் செல்லப்பட்டதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

உதவியைப் பேரத்தோடு இணைப்பதிலும் மாற்றம் தேவை. பங்கு கிடைத்தால் ரயில் என்பதைவிட, ரயில் வேலை முன்பே தொடங்கி நடந்துகொண்டிருக்கும்போது பங்கைக் கேட்பதற்கு வலு அதிகம். மொசாமெதெஸ் பாதை 2004 க்கு முன்பே முடிந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. 4 கோடி டாலர் 200 கோடி டாலரை ஈடு செய்யாது. ஆனால் லுவாண்டாவில் இந்தியாவின் பெயரைச் சொல்லும் ஏதாவது ஒன்று கண்முன் நின்றிருக்கும்.

இழந்தது எதை என்ற கேள்வியையும் தெளிவாகக் கேட்க வேண்டும். வெளிநாட்டில் பங்கு வைத்திருப்பதால் அந்த எண்ணெய் நேரே தாய்நாட்டுத் துறைமுகத்துக்கு வந்துவிடுவதில்லை. பெரும்பாலும் அது கிட்டிய சந்தையில் அன்றைய விலைக்கு விற்கப்படுகிறது. பதினெட்டாம் தொகுதியில் ஒரு விழுக்காடுகூடக் கிடைக்காத இந்தியா, பின்வந்த ஆண்டுகளில் அங்கோலா எண்ணெயை வாங்கும் நாடுகளில் சீனாவுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. கைநழுவியது ஒரு முதலீட்டின் லாபம். விலை ஏறிய 2008 வரையிலான ஆண்டுகளில் அது சிறிய தொகையாக இருந்திருக்காது. கப்பல்கள் எப்படியும் குஜராத்தின் சுத்திகரிப்பு ஆலை நகரான ஜாம்நகருக்கு வந்துகொண்டுதான் இருந்தன.